மூளைக்குப் போன பிறகு: பால் கலாநிதியைக் கோவையிலிருந்து வாசித்தல்

1

“மூளைக்குப் போயிருச்சுங்களாமா.”

அவிநாசி சாலையில் உள்ள ஒரு மருத்துவமனையின் மூன்றாவது மாடி வராண்டாவில் வைத்து மாமா இதைச் சொன்னார். அவர் கையில் எம்ஆர்ஐ படங்கள் வைத்த பெரிய உறை இருந்தது. சுற்றி நாங்கள் ஐந்து பேர். உள்ளே கட்டிலில் பெரியம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. எது போயிருச்சு? எங்கிருந்து போயிருச்சு? யாரும் கேட்கவில்லை. பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார். அவருக்கு அது ‘இனி அவ்வளவுதான்’. அத்தைக்கு ‘பைத்தியம் பிடித்துவிடும்’. மாமாவுக்கு ‘இன்னொரு ஆபரேஷன், எவ்வளவு ஆகும்?’. அக்காவுக்கு மட்டும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஆறு மாதமாக அம்மா தன்னைத் திட்டியதற்கெல்லாம் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. எனக்கு, ‘மார்பில் ஒன்று இருந்தது, இப்போது மூளையில் புதிதாக இன்னொன்று’. ஐந்து பேரும் பாதி சரி, பாதி தவறு.

இன்னொன்றும் பின்னால்தான் உறைத்தது. அந்த வாக்கியம் ‘ஆமா’ என்று முடிகிறது. யாரோ சொன்னதை யாரோ சொல்கிறார்கள் என்பதற்கு நம் மொழியில் இருக்கும் விகுதி. டாக்டர் மாமாவிடம் சொன்னார், மாமா எங்களிடம் சொன்னார். யாருடைய மூளையோ அவரிடம் அது கடைசி வரை போய்ச் சேரவில்லை.

அடுத்த வருடம் பால் கலாநிதியின் ‘வென் பிரெத் பிகம்ஸ் ஏர்’ நூலை வாசித்தேன். இன்ஸ்டாகிராமில் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கப்படும் புத்தகங்களில் ஒன்று என்பதால் அதுவரை தள்ளி வைத்திருந்தேன். வாசித்து முடித்த இரவு எனக்கு அதன்மேல் மரியாதையும் கோபமும் ஒன்றாக வந்தன. மரியாதை எதற்கு என்று உடனே தெரிந்தது. கோபம் எதற்கு என்று புரிய நாளானது. இந்தக் கட்டுரை அந்தப் புத்தகத்தைப் பற்றியது. அந்தப் புத்தகம் நின்றுபோகும் இடத்தைப் பற்றியது என்றால் இன்னும் சரியாக இருக்கும்.

2

முதலில் அந்த வாக்கியத்துக்கு ஒரு எழுவாய் வேண்டும்.

மார்பகத்தில் தொடங்கிய புற்றுநோய் மூளைக்குப் போனால் அது மூளைப் புற்றுநோய் ஆகிவிடுவதில்லை. மூளையிலிருந்து எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் தெரிவது மார்பகப் புற்றுச் செல். கோயமுத்தூர்க்காரர் சென்னையில் இருபது வருடம் குடியிருந்தாலும் ‘ஏனுங்க’ என்று கூப்பிடுவதை விடுவதில்லை அல்லவா, அதுபோல. சிகிச்சைக்கு இந்த அடையாளம் முக்கியம். மருந்தைத் தேர்வு செய்யும்போது கட்டி எங்கே இருக்கிறது என்பதோடு எந்த ஊர்க்காரன் என்பதையும் பார்த்தாக வேண்டும். வயது வந்தவர்களின் மூளையில் காணப்படும் புற்றுக் கட்டிகளில் பெரும்பாலானவை இப்படி வெளியிலிருந்து குடிவந்தவைதான். நுரையீரல், மார்பகம், மெலனோமா என்னும் தோல் புற்று, சிறுநீரகம் ஆகிய இடங்களிலிருந்து அவை அதிகம் வருகின்றன.

ஏன் மூளைக்கு? உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதம். இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் அதற்குப் போகிறது. ரத்தத்தில் மிதக்கும் செல்கள் அங்கே போய்ச் சேர்வதில் வியப்பில்லை. மூளையின் வெளிப்புறச் சாம்பல் பகுதியும் உட்புற வெள்ளைப் பகுதியும் சந்திக்கும் இடத்தில் ரத்தக் குழாய்கள் சட்டென்று குறுகுகின்றன. அங்கே அவை சிக்கிக்கொள்கின்றன. இதைக் குழாயியல் விளக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜேம்ஸ் யூயிங் என்ற அமெரிக்க நோயியலாளர் 1928இல் இந்தப் பக்கம் நின்றார்.

அதற்கு முன்பே, 1889இல், ஸ்டீஃபன் பேஜெட் என்ற லண்டன் அறுவை மருத்துவர் வேறொன்று சொல்லியிருந்தார். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளைப் பார்த்து அவர் ‘லான்செட்’ இதழில் எழுதினார். ரத்த ஓட்டம் மட்டுமே காரணம் என்றால் எல்லா உறுப்புகளிலும் அதற்கேற்ற விகிதத்தில் பரவ வேண்டும். அப்படிப் பரவவில்லை. கல்லீரலில் நிறைய, மண்ணீரலில் மிகக் குறைவு. விதை எல்லாப் பக்கமும் போகிறது, ஏற்ற மண்ணில் மட்டும்தான் முளைக்கிறது என்றார் பேஜெட். இதை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிணத்துக்கடவுப் பக்கம் ‘காடு’ என்றால் மானாவாரி, ‘தோட்டம்’ என்றால் கிணற்றுப் பாசனம். ஒரே விதையைக் காட்டில் போட்டால் என்ன, தோட்டத்தில் போட்டால் என்ன என்று பெரியப்பா தூக்கத்திலும் சொல்வார். மண்ணைப் பார்த்து வாழ்ந்த ஒரு வீட்டில் இந்த விளக்கத்தை யாருமே அவருக்குச் சொல்லவில்லை.

மூளை என்ற மண்ணுக்கு ஒரு வேலியும் உண்டு. ரத்தத்தில் வரும் பெரும்பாலான பொருட்களை உள்ளே விடாமல் தடுக்கும் தடுப்பு அது. புற்றுச் செல் எப்படியோ இந்த வேலியைத் தாண்டிவிடுகிறது. மருந்துகள் பல தாண்டுவதில்லை. பெரியம்மாவுக்கு வந்தது ஹெர்2 வகை மார்பகப் புற்று. அதற்கு டிராஸ்டுசுமாப் நல்ல மருந்து. ஆனால் அது பெரிய மூலக்கூறு, வேலியைத் தாண்டி மூளைக்குள் போவது மிகவும் குறைவு. கழுத்துக்குக் கீழே எல்லாம் ‘கிளியர்’ என்று ரிப்போர்ட் வந்துகொண்டிருந்த அதே மாதங்களில்தான் மேலே அது வளர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் ‘கிளியர்’ என்ற சொல்லைக் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

2019இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது. மார்பகத்திலிருந்து மூளைக்குப் போன செல்கள் இரண்டு நரம்பணுக்கள் பேசிக்கொள்ளும் சந்திப்பின் பக்கத்திலேயே போய் ஒட்டிக்கொள்கின்றன, அங்கே கசியும் குளூட்டமேட் சமிக்ஞையை எடுத்துத் தங்கள் வளர்ச்சிக்குப் பயன்படுத்துகின்றன என்று காட்டியது. ஒரு பொறியாளனாக இதைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் நினைவும் சொல்லும் ஓடும் அதே கம்பியில் கொக்கி போட்டு அது வாழ்கிறது.

‘மூளைக்குப் போனா முடிஞ்சுது’ என்பதும் முழு உண்மை இல்லை. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2015 ஆகஸ்டில், தன் 90ஆவது வயதில், மெலனோமா மூளைக்குப் பரவி நான்கு சிறிய புள்ளிகளாக இருப்பதாகத் தானே செய்தியாளர்களிடம் சொன்னார். குறிவைத்த கதிர்வீச்சும் நோயெதிர்ப்பு மருந்தும் கொடுத்தார்கள். அந்த டிசம்பரிலேயே புள்ளிகள் தெரியவில்லை. அவர் இறந்தது 2024 டிசம்பரில், 100 வயதில். எல்லோருக்கும் இப்படி நடக்காது. எந்த ஊர்ச் செல், எத்தனை இடம், எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. ஆனால் ‘போயிருச்சு’ என்ற ஒற்றை வினையில் இந்த வேறுபாடு எதற்கும் இடமில்லை.

3

கார்ட்டர் பேட்டி கொடுத்த அதே 2015இல், மார்ச் 9 அன்று, பால் கலாநிதி 37 வயதில் இறந்தார். தென்னிந்தியாவிலிருந்து அமெரிக்கா போன பெற்றோருக்கு 1977இல் பிறந்தவர். தமிழ்ப் பெயர். ஸ்டான்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் படித்து வால்ட் விட்மனைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதிவிட்டு, பிறகு மருத்துவம் படித்து, மூளை அறுவைச் சிகிச்சைப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தபோது 2013 மே மாதம் நான்காம் நிலை நுரையீரல் புற்று என்று தெரிகிறது. புகை பிடிக்காதவர். புத்தகம் அவர் இறந்த பின் 2016 ஜனவரியில் வெளிவந்தது.

இலக்கிய வாசகனாகவும் மூளை மருத்துவனாகவும் இருந்த ஒருவர் தன் சாவை எழுதுகிறார் என்பதுதான் அதன் கவர்ச்சி. அதைச் சொல்லித்தான் எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் புத்தகத்தின் முதுகெலும்பு வேறு. ‘ஒரு உயிரை எது வாழத் தகுந்ததாக்குகிறது?’ என்று கேட்டு, மூளை மருத்துவனுக்கே உரிய ஒரு கூர்மையான விடையை அவர் நெருங்குகிறார். மொழி. மற்ற மனிதரோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். இடது பக்கம் பேச்சுக்கான பகுதிகளைத் தொடாமல் இருக்க அறுவை மருத்துவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்று எழுதுகிறார். இன்னும் சில மாத ஆயுளுக்காகப் பேச்சை விட்டுக்கொடுப்பீர்களா என்பதுதான் நோயாளியிடம் கேட்க வேண்டிய உண்மையான கேள்வி என்கிறார்.

இரண்டு நோயாளிகளை என்னால் மறக்க முடியவில்லை. ஒருவர் மூளைப் பாதிப்புக்குப் பிறகு எண்களை மட்டுமே பேசுகிறார். சிரிக்கிறார், முகம் சுளிக்கிறார், கெஞ்சுகிறார். வாயில் வருவதெல்லாம் எண்கள். ஏதோ அவசரமாகச் சொல்ல விரும்புகிறார் என்பது மட்டும் தெரிகிறது. மற்றவன் எட்டு வயதுப் பையன், மூளைக் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை ஆனவன். சில வருடங்களில் ஹைப்போதலாமஸில் ஏற்பட்ட ஒரு மில்லிமீட்டர் சேதத்தால் தாயைப் பிறாண்டும் வெறிகொண்டவனாக மாறிவிடுகிறான். இந்தப் பக்கங்களில் கலாநிதி எழுத்தாளராக உச்சத்தில் இருக்கிறார். குணம் என்று நாம் சொல்வதெல்லாம் எவ்வளவு மெல்லிய சதையின்மேல் நிற்கிறது என்பதை இவ்வளவு அமைதியாகச் சொல்லிய எழுத்து அதிகம் இல்லை.

ஆனால் இரண்டும் மற்றவர்களுக்கு நடந்தவை. கதைசொல்லி வெளியே நிற்கிறார். பிறகு நோய் அவருக்கே வருகிறது. முதல் காட்சியிலேயே தன் ஸ்கேனைத் தானே பார்த்துப் படிக்கிறார். நுரையீரல், முதுகெலும்பு, கல்லீரல். எர்லோடினிப் மாத்திரை சில மாதங்கள் நன்றாக வேலை செய்கிறது, மறுபடி அறுவை அறைக்குத் திரும்புகிறார். 2014 ஜூலையில் மகள் பிறக்கிறாள். அந்தக் குழந்தைக்குச் சொல்லும் செய்தியோடு அவர் எழுதிய பகுதி முடிகிறது.

மூளைக்குப் பரவிய செய்தி அவர் எழுதிய பகுதியில் இல்லை. அது பின்னுரையில் இருக்கிறது. அதை எழுதியவர் மனைவி லூசி. மூளையில் கட்டிகள், அதோடு மூளையைச் சுற்றிய உறைக்கும் பரவல். அளவான ஆயுளை ஏற்றுக்கொண்டிருந்தவருக்கு மூளை மங்கிப்போகும் என்பது புதிய இடியாக இருந்தது என்கிறார் லூசி. கணவனும் மனைவியும் புற்றுநோய் மருத்துவரும் உட்கார்ந்து முதல் முன்னுரிமையைத் தீர்மானிக்கிறார்கள்: அறிவுத் தெளிவை முடிந்தவரை காப்பது. கீமோதெரபியில் வெடித்த விரல்நுனிகளுக்குக் கையுறை போட்டுக்கொண்டு அவர் கணினியில் எழுதிக்கொண்டே இருந்தார். மூச்சுத் திணறல் வந்தபோது குழாய் வேண்டாம் என்றார். தெளிவோடு இறந்தார்.

என் கோபம் இங்கேதான் இருந்தது என்று இப்போது தெரிகிறது. புத்தகம் தானே எழுப்பிய கேள்விக்குள் நுழையும் கணத்தில் நின்றுவிடுகிறது. மொழி போன பின் வாழ்வுக்கு என்ன அர்த்தம் என்று இருநூறு பக்கம் கேட்டுவிட்டு, மொழி போகும் முன் கதவு சாத்தப்படுகிறது. இது அவர் செய்த தவறு இல்லை. நோய்க் குறிப்பு என்ற இலக்கிய வடிவத்துக்கே இருக்கும் வரம்பு. அந்த வடிவத்துக்கு முழுதாக ஒரு கதைசொல்லி தேவை. நுரையீரலை, கல்லீரலை, எலும்பை இழந்துகொண்டே ஒருவர் எழுதலாம். மூளைக்குப் போகும் நோய் கதைசொல்லியையே கொண்டுபோகிறது. அதனால்தான் நாம் கொண்டாடும் நோய்க் குறிப்புகளில் பெரும்பாலும் தெளிவானவர்களே இருக்கிறார்கள். தெளிவை இழந்தவர்கள் உதாரணங்களாக மட்டும் வருகிறார்கள், எண்கள் பேசும் அந்த மனிதரைப் போல.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் இறந்து எட்டு மாதத்தில், 2015 நவம்பரில், அதே மரபணு மாற்றமுள்ள நுரையீரல் புற்றுக்கு, முதல் மாத்திரைக்குக் கட்டுப்படாமல் போனவர்களுக்காக ஓசிமெர்டினிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளைக்குள்ளும் ஓரளவு நன்றாகப் போகும் மருந்து. அது அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தைச் ‘சாவை ஏற்றுக்கொள்ளக் கற்றுத் தரும் ஞான நூல்’ என்று ரீல்ஸ் போடுகிறவர்கள், அது ஒரு குறிப்பிட்ட வருடத்தின் மருந்து அலமாரிக்கு முன்னால் நின்று எழுதப்பட்டது என்பதை மறக்கிறார்கள்.

4

நமக்கு இந்தக் ‘கடைசிவரை தெளிவு’ புதிதும் இல்லை. தமிழ் சினிமா புற்றுநோயைப் பல பத்தாண்டுகளாகக் காட்டிவருகிறது. ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962), ‘நீலவானம்’ (1965), ‘வாழ்வே மாயம்’ (1982), ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982). நோயாளி இருமுவார், மெலிவார், தாடி வளர்ப்பார். வசனம் மட்டும் பிசகாது. பாடகனாக இருந்தால் பாட்டும் பிசகாது. தியாகம், மன்னிப்பு, காதல் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகே உயிர் போகும். இதைப் பார்த்து வளர்ந்த நாங்கள் பெரியம்மாவிடமும் அந்தக் கடைசி வசனத்துக்காகக் காத்திருந்தோம்.

பெரியம்மாவுக்கு முதலில் போனது பெயர்ச்சொற்கள். சொம்பைச் ‘சீப்பு’ என்றார். கொண்டுவந்து கொடுத்தால் கோபம். ‘எதைக் கேட்டா எதைக் கொடுக்கற’ என்று அக்காவைத் திட்டினார். அதுவரை அவர் வாயில் நாங்கள் கேட்டிராத வசவுகள் வந்தன. மாமியார் மருமகள் சண்டை போல அம்மா மகள் சண்டை என்று ஊர் பேசியது. ‘மார்ல ஆபரேஷன் பண்ணுனதுலருந்தே மனசு செரியில்லீங்க’ என்று ஒருவர். கோயிலில் கயிறு கட்டினார்கள். தலைவலி வந்து ஒரு விடியற்காலை வாந்தி எடுத்த பிறகுதான் ஸ்கேன்.

அட்மிட் ஆனதும் டெக்ஸாமெத்தசோன் போட்டார்கள். கட்டியைச் சுற்றி மூளையில் கோத்திருக்கும் நீரை அந்த ஸ்டீராய்டு வடியச் செய்யும். கட்டி அப்படியே இருக்கும். அழுத்தம் குறைந்ததும் ஒன்றிரண்டு நாளில் மனிதர் திரும்பி வருவார். மூன்றாம் நாள் காலை பெரியம்மா எழுந்து உட்கார்ந்து, “தென்னைக்குத் தண்ணி உட்டாங்களா கண்ணு?” என்று கேட்டார். எல்லாச் சொல்லும் அதனதன் இடத்தில். ‘செரியாயிருச்சு’ என்று பெரியப்பா ஊருக்கெல்லாம் போன் போட்டார். கடா வெட்டு நேர்ந்துகொண்டார்கள். சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அது பதினோரு நாள் நீடித்தது. பிறகு தலைக்குக் கரண்ட் வைத்தார்கள். முகத்துக்கு வலை போல ஒரு மாஸ்க் செய்து, மேசையோடு சேர்த்துப் பூட்டி, பத்து சிட்டிங். அதன் பிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

அந்தப் பதினோரு நாள்தான் என் கேள்வி. கலாநிதியும் லூசியும் மருத்துவரும் உட்கார்ந்து முன்னுரிமையைத் தீர்மானித்தது இதே மாதிரி ஒரு இடைவெளியில்தான். எங்களுக்கும் அந்த இடைவெளி கிடைத்தது. பெரியம்மாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. ‘தலைல நீர் கோத்திருக்குது, வடிஞ்சுட்டா வீட்டுக்குப் போயரலாம்’ என்று மட்டும் சொன்னோம். ஸ்டீராய்டு என்ன செய்யும் என்பதை இரண்டாம் நாள் இரவே செல்போனில் படித்துவிட்டேன். இது தற்காலிகம் என்று எனக்குத் தெரியும். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். அது கருணை என்று அப்போது நினைத்தேன்.

கலாநிதியின் புத்தகத்தை எடுத்துக்காட்டி ‘நோயாளியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்’ என்று தீர்ப்பு எழுதிவிடுவது எளிது. அவர் தன் ஸ்கேனைத் தானே படித்தவர். எங்கள் ஊரில் ஸ்கேன் உறை நோயாளியின் கைக்கு வருவதே இல்லை, வீட்டின் ஏதாவது ஒரு ஆணின் கைக்குப் போகிறது. அந்த தூரத்தை ஒரு புத்தகத்தால் கடக்க முடியாது. ஆனால் மற்ற உறுப்புகளுக்குப் பரவியபோது ‘அப்புறம் சொல்லிக்கலாம்’ என்று தள்ளிப்போடலாம். மூளைக்குப் பரவியபோது அந்த ‘அப்புறம்’ இல்லை. இந்த நோயைப் புரிந்துகொள்வது என்றால் எனக்கு முதலில் இதுதான்.

5

கலாநிதி நிற்கும் இடத்திலிருந்து தொடங்கும் புத்தகங்கள் இருக்கின்றன. டாம் லப்பக் ‘இண்டிபென்டன்ட்’ நாளிதழில் ஓவிய விமர்சகர். அவருக்கு வந்தது மூளையிலேயே தொடங்கும் கட்டி, பரவி வந்தது இல்லை. ஆனால் இருந்த இடம் பேச்சின் பக்கம். 2008இல் தெரிந்தது, 2011 ஜனவரியில் இறந்தார். சொற்கள் போகப் போகவே எழுதினார். அந்தக் குறிப்புகள் 2012இல் நூலாக வந்தன. வாக்கியங்கள் குறுகிக்கொண்டே போவதை வாசகனால் பார்க்க முடியும். அவர் மனைவி மரியன் கூட்ஸ், கலைஞர், அதே மாதங்களைத் தன் பக்கமிருந்து ‘தி ஐஸ்பெர்க்’ (2014) என்று எழுதினார். 2015இல் அதற்கு வெல்கம் புத்தகப் பரிசு கிடைத்தது. ஒரே வீட்டில் சொல்லை இழக்கிறவரும், அவருக்காகச் சொல்லைத் தேடித் தருகிறவரும். இருவரையும் சேர்த்து வாசித்தால்தான் இந்த நோய் முழுதாகத் தெரிகிறது. லூசியின் பின்னுரையை நான் மறுபடி வாசித்தது இதற்குப் பிறகுதான். முதல் வாசிப்பில் அது இணைப்பாகத் தெரிந்தது. இப்போது அந்தப் புத்தகத்தின் உண்மையான தொடக்கமாகத் தெரிகிறது.

கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ வந்தது 1942இல். எண்பது வருடத்துக்கு மேலாக இந்த வழக்கில் சண்டையும் சாவும் எழுதப்பட்டுவருகின்றன. இந்தப் பேச்சு நோயில் உடைவது எப்படி இருக்கும் என்று, நான் வாசித்தவரை, ஒரே ஒரு பிரதிதான் பார்த்திருக்கிறேன். அது அச்சில் இல்லை. அக்காவிடம் இருக்கிறது.

6

நாற்பது பக்க ரூல்டு நோட்டு. அட்டையில் அவள் பையனின் பெயரும் வகுப்பும். ‘எப்பருந்து இப்படி இருக்காங்கன்னு எழுதிட்டு வாங்க, மாத்திரை நேரத்தையும் குறிச்சு வைங்க’ என்று நர்ஸ் ஒருவர் சொன்னதால் தொடங்கியது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் எழுதியது. சென்ற தை மாதம் அதை முழுதாக வாசித்தேன். இதுவரை நான் விமர்சனம் எழுதிய எந்தப் புத்தகத்தையும் இவ்வளவு மெதுவாக வாசித்ததில்லை.

இடது பக்கம் மாத்திரை, நேரம். வலது பக்கம் ஒரு பட்டியல். ‘சீப்பு = சொம்பு. ரேடியோ = ஃபேன். மாடு = மாமா (சில சமயம்).’ சொல்லுக்குச் சொல் பொருள் குறித்து வைத்திருக்கிறாள். நாங்கள் புரோகிராமில் லுக்கப் டேபிள் என்போம். ஒரு மொழி உடைந்துபோகும் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஒருத்தி அகராதி தொகுத்துக்கொண்டே போகிறாள். பாதிப் பக்கங்களில் சமக்குறிக்கு வலது பக்கம் காலியாக இருக்கிறது. கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தப் பதினோரு நாளில் ஒரு பக்கம் வேறு மாதிரி இருக்கிறது. பெரியம்மா சொல்லச் சொல்ல எழுதியது. தேங்காய் வியாபாரி தர வேண்டியது 14,500. சீட்டு இன்னும் ஏழு மாதம். பால் சொசைட்டி பாக்கி. யாருக்கோ கைமாற்றாகக் கொடுத்த 3,000, ‘கேக்க வேண்டாம், அவ பாவம்’. நாங்கள் காத்திருந்த கடைசி வசனம் வந்து முடிந்திருந்தது. அது கணக்காக வந்ததால் எங்களுக்குக் காதில் விழவில்லை. கலாநிதியின் நோயாளியிடம் எண்கள் பொருளை இழந்தவை. இங்கே ஒரு பெண் தன்னிடம் மிச்சமிருந்த தெளிவை முழுக்க எண்களில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தெரிந்துதான் சொன்னாரா, நாங்கள் சொல்லாததை அவரே புரிந்துகொண்டாரா என்று அக்காவிடம் கேட்டேன். “உனக்கென்ன தோணுது?” என்றாள்.

முதல் பக்கத்தில், நர்ஸ் கேட்ட ‘எப்பருந்து’ என்ற கேள்விக்குப் பதிலாக, பழைய சம்பவங்களை வரிசையாக எழுதியிருக்கிறாள். அதில் நான்காவது: ‘ஆவணி. தம்பிக்கு ஒரே சாயங்காலம் மூணு தடவை போன் பண்ணி ஒரே கேள்வி. தம்பி சத்தம் போட்டான். அப்பறம் சாப்பிடல.’

எனக்கு அந்தச் சாயங்காலம் நினைவிருக்கிறது. சரவணம்பட்டி ஆபீஸில் ரிலீஸ் கால். மூன்றாவது முறை பெரியம்மா “சாப்டியா கண்ணு?” என்று கேட்டபோது, “எத்தனை தடவைங்க பெரிம்மா சொல்றது!” என்று கத்திவிட்டு வைத்தேன். அக்கா அதை நோய்க்குறியாக எழுதியிருக்கிறாள். கண்டனமாக எழுதவில்லை. டாக்டருக்குப் பயன்படும் என்று எழுதியிருக்கிறாள்.

பேச்சிழப்பில் கடைசியாகப் போவது பழகித் தேய்ந்த சொற்கள் என்று நரம்பியல் சொல்கிறது. வணக்கம், வசவு, எண்ண வேண்டாத வாய்ப்பாடுகள். பெயர்ச்சொல் எல்லாம் போன பிறகும் பெரியம்மாவிடம் ‘கண்ணு’ இருந்தது. மனிதர், மாடு, மாத்திரை, எல்லாம் கண்ணு. நோட்டின் கடைசிப் பக்கங்களில் அக்கா அகராதி எழுதுவதை நிறுத்தியிருக்கிறாள். ‘கண்ணு’ என்று மட்டும் எழுதி, எதிரே சமக்குறி போடாமல் விட்டிருக்கிறாள். அதற்குப் பின் மூன்று நாள் மாத்திரை நேரம் மட்டும்.

நான் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “இதுல என்ன இருக்குதுன்னு போட்டோ எடுக்கற?” என்றாள். கலாநிதி புத்தகத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.